ஊசி இறங்கும் நேரம்

கிராமபோன் சேகரிப்பு: கொஞ்சம் பித்து, நிறைய கிரீஸ்!

பெட்டியை மேசையில் வைத்ததும் பெரியவர் புனலைப் பார்க்கவே இல்லை. தாமரைப் பூவாக விரிந்து, ஜன்னல் வெயிலில் தகதகவென்று மின்னிய அந்தப் பித்தளைப் புனலைக் காட்டித்தான் கடைக்காரர் என்னிடம் 18,000 ரூபாய் வாங்கியிருந்தார். பெரியவர் அதைக் கழற்றிச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார். பெட்டியைத் தலைகீழாகப் புரட்டி, அடிப்பலகையில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

“மாம்பலகை தம்பி. ரெண்டு வருஷம் முன்னாடி தோப்புல நின்னிருக்கும்.”

“நூறு வருஷப் பெட்டின்னு சொன்னாங்களே ஐயா...”

“வார்னிஷ் வாசனையே இன்னும் போகலையே!”

திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டுப் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, பதினேழு கிராமபோன்கள். அலமாரியில் இசைத்தட்டுகள், நூலகப் புத்தகங்கள் போல நிமிர்ந்து நிற்கின்றன. மேசை மூலையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் முக்கால் வரைக்கும் கறுத்த இரும்பு ஊசிகள். “பேரு போடாதீங்க, நாளைக்கே ஏவாரிங்க வாசல்ல வந்து நிப்பாங்க” என்று கேட்டுக்கொண்டதால், இந்தக் கட்டுரை முழுக்க அவர் ‘பெரியவர்’தான்.

மேல்பலகையின் திருகுகளைக் கழற்றித் தூக்கியவர், உள்ளே இருந்த மோட்டாரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“இது மட்டும் ஒரிஜினல். எந்த வீட்டு சூட்கேஸ் கிராமபோனையோ உடைச்சு, மோட்டாரைப் பிடுங்கி இதுல மாட்டியிருக்காங்க. நீங்க ஏமாந்தது பெரிசில்ல தம்பி. இந்தப் போலிக்காக நெசமான ஒண்ணு செத்திருக்கு.”

காபி ஷாப் மூலையில் கிராமபோன், கல்யாண போட்டோஷூட்டில் கிராமபோன், புது வீட்டு வரவேற்பறையில் கிராமபோன் என்று அந்தப் புனலை இப்போது எங்கும் பார்க்கிறோம். வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்கிறவர்கள்?

மெழுகு, மெழுகிலிருந்து அரக்கு

வரலாறு சுருக்கமாக. 1877 டிசம்பரில் தாமஸ் எடிசனின் பட்டறையில், வெள்ளீயத் தாள் சுற்றிய ஓர் உருளை, அவர் சொன்ன குழந்தைப் பாட்டைத் திருப்பிச் சொன்னது. அதுதான் போனோகிராப். வெள்ளீயத் தாள் போய் மெழுகு உருளை வந்தது. 1887-ல் எமில் பெர்லினர் உருளையைத் தட்டையாக்கினார். தட்டு என்றால் ஒரு அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் நகல் எடுக்கலாம், அடுக்கி வைக்கலாம். அந்தச் சௌகரியத்தின் முன் உருளை தோற்றது. 1929-ல் எடிசன் நிறுவனம் இசைப்பதிவுத் தொழிலையே கைவிட்டது.

1902-ல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே அவர் பதிவு செய்த பாடகி கௌஹர் ஜான், பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பதிவான மெழுகுத் தகடு ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அச்சாக வேண்டும். யார் பாட்டு என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே! 1908-ல் கல்கத்தா சியால்டாவிலேயே தொழிற்சாலை வந்தது.

கப்பலில் தட்டு இங்கே வந்த அதே காலத்தில், தட்டின் உயிர் இங்கிருந்து கப்பலேறிக்கொண்டிருந்தது. 78 சுற்று இசைத்தட்டு கல்தூள், கரித்தூள், பருத்தி இழை கலந்த ஒரு கலவை. அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாசு, இலந்தை மரக்கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகின் எந்த மூலையில் யார் பாடினாலும், பெரும்பாலும் நம் ஊர் அரக்கின் மேல்தான் பாடினார்கள். இரண்டாம் உலகப்போரில் அரக்கு வரத்து சிக்கலானபோது, 1942-ல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கைக் கடுமையாக வெட்டியது. பாரதத்தில் அரக்கு மாளிகை கட்டியது ஆளைக் கொல்ல. அதே அரக்கு ஆள் போன பிறகும் குரலைக் காப்பாற்றும் என்று துரியோதனனுக்குத் தோன்றியிருக்காது.

---
■ தட்டுக் கணக்கு

● வேகம்: நிமிடத்துக்கு 78 சுற்று. எடிசன் உருளைகள் பெரும்பாலும் 160 சுற்று.

● 10 அங்குலத் தட்டு: பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம். 12 அங்குலம்: 4 நிமிடத்துக்குச் சற்று மேல்.

● எடிசன் உருளை: 2 நிமிடம், 1908 முதல் 4 நிமிடம்.

● இரும்பு ஊசி: ஒரு பக்கத்துக்கு ஒன்று. அதோடு அதன் ஆயுள் சரி.

● ‘நாய் மார்க்’ நிப்பர்: ஓவியர் பிரான்சிஸ் பரோ முதலில் வரைந்தது எடிசன் போனோகிராப் முன் உட்கார்ந்த நாயை. 1899-ல் கிராமபோன் கம்பெனி அந்தப் படத்தை வாங்கியபோது, போனோகிராப்பை அழித்து அதன் மேல் கிராமபோனை வரைந்து கொடுத்தார்.
---

பிளேட்டைத் திருப்பிய தமிழ்நாடு

சொன்ன பேச்சை மாற்றுகிறவரை ‘பிளேட்டைத் திருப்பிப் போட்டுட்டான்’ என்கிறோம். சொன்னதையே சொல்கிறவர் ‘கீறல் விழுந்த ரிக்கார்டு’. கிராமபோனைத் தொட்டே பார்க்காத தலைமுறையும் இதைச் சொல்கிறது. பெட்டி வீட்டை விட்டுப் போன பிறகும் பேச்சை விட்டுப் போகவில்லை.

பாட்டைக் கேட்க கோயில் திருவிழாவுக்கோ, சபாவுக்கோ, ஜமீன் வீட்டுக் கல்யாணத்துக்கோ போக வேண்டியிருந்த காலம். எந்த வாசலில் யார் நுழையலாம், எங்கே உட்காரலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்த காலமும்கூட. இசைத்தட்டு அந்த வாசல்களைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தது. டீக்கடையில் சுழன்ற தட்டு, பெஞ்சில் இருப்பவர் யார் என்று பார்க்கவில்லை.

தொடக்க காலத்தில் ஒலிப்பதிவுப் புனலுக்கு முன் துணிந்து பாடியவர்களில் தேவதாசி மரபுப் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி ஆகியோரின் பெயர்கள் லேபிளில் ஊர்ப் பெயரோடே அச்சாயின. தாயியின் தட்டைக் கேட்டுச் சொக்கிப்போன பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், அதை வைத்து ‘ராகமாலிகா’ என்றொரு பாடலையே அமைத்தார். எம்.எஸ்.சுப்புலட்சுமி முதல் தட்டுக்குப் பாடியபோது பத்து வயதுச் சிறுமி, ஆண்டு 1926. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நாகஸ்வரக் கச்சேரிக்கே போகாதவர்களும் அறிந்திருந்தார்கள். அது இசைத்தட்டு செய்த வேலை. தேசியப் பாடல்களை ஊர் ஊராகக் கொண்டுபோனதிலும் கிராமபோனுக்குப் பங்கு உண்டு. அந்தக் கதையை சு.தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார்.

வியாபாரமும் மாறியது. காரைக்குடியில் அப்பாவின் கடையில் இசைத்தட்டு விற்றுத் தொழில் பழகிய இளைஞர், பிறகு சென்னையில் கூட்டாளிகளோடு ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ தொடங்கி ஓடியன் கம்பெனித் தட்டுகளைக் கொண்டுவந்தார். அவர்தான் ஏவி.மெய்யப்பன். தமிழ் சினிமாவின் பெரிய ஸ்டூடியோ ஒன்றின் அஸ்திவாரத்தில் அரக்கு இருக்கிறது!

பாட்டும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் ராகத்தில் உலாவுகிற வித்வானிடம் ‘மூன்று நிமிடம்தான்’ என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார்கள். சாறு பிழிந்து ஒரு டம்ளரில் கொடுக்கப் பழகியவர்கள் ஜெயித்தார்கள்.

பெட்டிக்காரரும் பிளேட்டுக்காரரும்

சேகரிப்பவர்களில் இரண்டு சாதி உண்டு என்கிறார் பெரியவர். பெட்டிக்காரருக்கு ஸ்பிரிங், கவர்னர், சவுண்ட் பாக்ஸ் மேல் கண். பிளேட்டுக்காரருக்கு லேபிள், பதிவு எண், பாடகர். நடுவில் உதிரி இனங்கள் உண்டு: ஊசி டப்பா மட்டும் சேர்ப்பவர், தட்டோடு விற்ற பாட்டுப் புத்தகம் மட்டும் சேர்ப்பவர், நாடக ‘செட்’ தேடுபவர். ஒரு முழு நாடகத்தையும் பல தட்டுகளில் பிரித்து விற்ற காலத்தின் மிச்சம் அது. எட்டுத் தட்டில் ஐந்தாவது மட்டும் கிடைக்காமல், கதாநாயகியின் அழுகை பாதியில் நிற்கப் பல ஆண்டு காத்திருப்பார்கள்.

பிளேட்டுக்காரர்களில் பெரிய பெயர் சென்னையின் வி.ஏ.கே.ரங்காராவ், பல பத்தாயிரம் இசைத்தட்டுகளைச் சேர்த்தவர். மும்பையில் 1990 முதல் இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் இயங்குகிறது. கேரளத்தில் கோட்டயம் பக்கம் பிளாசனாலில் கிராமபோனுக்கென்றே ஒரு தனியார் அருங்காட்சியகம் இருக்கிறது.

தேடுகிற இடங்களும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மும்பை சோர் பஜாரின் மட்டன் தெரு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய பீங்கான் ஜாடிக்கும் எனாமல் கூஜாவுக்கும் நடுவே எங்காவது ஒரு கைப்பிடிச் சாவி தலை நீட்டும். சென்னைவாசிகளைக் கேட்டால் 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

உள்ளூரில் யாரும் மதிக்காததை வெளியூர்க்காரர் தேடும் வேடிக்கையும் இதில் உண்டு. மேற்கில் 78 சுற்றுத் தட்டு மறைந்துகொண்டிருந்த 1960-களில், இந்தியாவில் இன்னும் அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் பாடல்களே கல்கத்தா டம்டம் ஆலையில் 78-ல் வெளிவந்தன. லண்டன் சேகரிப்பாளர் தன் ஊர்க்காரர்களின் பாட்டுக்காக நம் ஊர்ப் பழைய சாமான் கடையை நோட்டம் விடுகிறார்.

பத்தடிப் பாம்பு

இந்தப் பித்தில் சந்தோஷம் எங்கே இருக்கிறது? அதைக் கேட்டதற்குப் பெரியவர் பதில் சொல்லவில்லை. என் பெட்டியின் மோட்டாரைக் கையில் எடுத்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது பாம்பு.”

பிஸ்கட் டப்பா அளவு உருளை டிரம். அதற்குள் பத்தடிக்கு மேல் நீளமுள்ள எஃகுப் பட்டை, சுருண்டு அடங்கியிருக்கிறது. கைதவறினால் முகத்தைக் கிழித்துவிடும். தோல் கையுறையோடு, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று பெருவிரலால் அடக்கி அடக்கி வெளியே விட்டார். எழுபது, எண்பது வருஷ கிரீஸ் தாராக இறுகியிருந்தது. பாடும்போது சில பெட்டிகளில் ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஒட்டிக்கிடந்த சுருள்கள் திடீரென்று விடுபடும் சத்தம் அது. மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, கிராபைட் கலந்த புது கிரீஸ் பூசித் திரும்பச் சுருட்ட ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்தது கவர்னர். மூன்று சிறு ஈயக் குண்டுகள் சுழன்று விரியும்போது ஒரு சக்கரம் நகர்ந்து தோல் பட்டையில் உரசும். வேகம் 78-ஐத் தாண்டாது. “கரண்ட் இல்ல, எலக்ட்ரானிக்ஸ் இல்ல. மூணு குண்டும் ஒரு தோலும்தான் தாளம் போடுது” என்றார். தட்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றை எண்ணினார். 76. திருகை இம்மி நகர்த்தினார். 78.

கடைசியில் சவுண்ட் பாக்ஸ். பழைய வகையில் ஒலியை எழுப்புவது மெல்லிய மைக்கா வில்லை. நம் பாட்டிமார் காக்காப்பொன் என்பார்களே, அது. சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் கல்லாகிப்போனால் எம்.கே.டி. பாகவதருக்கே ஜலதோஷம் பிடித்தது போல இருக்கும். ரப்பரை மாற்றினால் தொண்டை திறக்கும்.

கைபேசியில் ஆயிரம் பாட்டு காத்திருக்கிறது. எதையும் முழுசாகக் கேட்பதில்லை. இங்கே ஒரு பாட்டுக்குச் சாவி கொடுக்க வேண்டும், ஊசி மாற்ற வேண்டும், ஊசியைத் தாங்கும் கையை மெதுவாக இறக்க வேண்டும். முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். விட்டால் ஊசி கடைசிப் பள்ளத்தில் கரகரத்துக்கொண்டே கிடக்கும். சிரமப்பட்டு வரவழைத்த விருந்தாளியை யாரும் பாதியில் எழுப்பி அனுப்புவதில்லை.

புனல் வியாபாரம்

இனி என் 18,000 ரூபாய்க்கு வருவோம்.

கிராமபோன் என்றால் புனல் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. உண்மையில், 1906-ல் அமெரிக்காவின் விக்டர் கம்பெனி ‘விக்ட்ரோலா’வைக் கொண்டுவந்ததிலிருந்தே புனல் பெட்டிக்குள் ஒளியத் தொடங்கிவிட்டது. நம் ஊர் நடுத்தர வீடுகளில் அதிகம் இருந்தது சூட்கேஸ் போல மூடித் தூக்குகிற போர்ட்டபிள். 1931-ல் வந்த எச்.எம்.வி. 102 அந்த ரகத்தின் ராஜா. கறுப்பு ரெக்சின், உள்ளே மடிந்த ஒலிப்பாதை, கச்சிதமான மோட்டார்.

அந்த ரெக்சின் பெட்டிக்கு அழகு போதவில்லை, புனலுக்குக் கிராக்கி. அதனால் வட இந்தியப் பட்டறைகளில் புதுப் பித்தளையில் புனல் அடிக்கிறார்கள், புது மரத்தில் பெட்டி செய்கிறார்கள். மோட்டாரை மட்டும் புதிதாகச் செய்து கட்டுப்படியாகாது. பழைய போர்ட்டபிளை உடைக்கிறார்கள். மேலே ஒரு நாய்ப் படம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த ரகத்துக்குக் கெட்ட வார்த்தை கலந்தே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் தப்பில்லை. தொன்மை என்று விற்பது ஏமாற்று. அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணில் படுவதே இல்லை. வரவேற்பறையில் ஒரு புனல் மின்னும்போது, யாரோ ஒரு தாத்தா பூட்டிப் பூட்டித் தூக்கிப்போன பெட்டி குப்பைக்குப் போயிருக்கிறது. போலிப் புனலின் கை பெரும்பாலும் சரியான கோணத்தில் நிற்காது. ஊசி பள்ளத்தை உழும். ஆக, பெட்டியைக் கொன்று பிறந்தது, போடுகிற தட்டையும் கொல்கிறது.

---
■ மூக்கும் கண்ணும் போதும்: போலியைப் பிடிக்க...

● முழுக்கப் பளபளக்கும் பித்தளைப் புனலா? உஷார். அசலில் அதிகம் பார்ப்பது வர்ணம் பூசிய இரும்புத் தகடு; உயர் ரகங்களில் மரம்.

● பெட்டி எண்கோணமா? புதுச் செதுக்கலா? சந்தேகப்படுங்கள்.

● ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் ‘நூறு வருஷம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அது 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது.

● புனலையும் கையையும் இணைக்கும் முழங்கை தடித்து, கோணலாக, பற்றவைத்த தழும்போடு இருக்கிறதா என்று பாருங்கள்.

● அடிப்பலகையை முகர்ந்து பாருங்கள்!
---

உடைந்தால் போச்சு

அரக்குத் தட்டு வளையாது, விழுந்தால் அப்பளம். பரணில் வெயில் பட்டால் நெளியும். அக்கறையோடு சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். அப்படித் தங்கள் கையாலேயே பாட்டை அழித்தவர்கள் உண்டு. பழைய தட்டைச் சூடாக்கிப் பூச்சட்டி செய்தவர்களும் உண்டு.

பல பதிவுகளுக்கு மூல அச்சு இப்போது இல்லை. யார் வீட்டுப் பரணிலோ தப்பிய ஒரு தட்டுதான் அந்தக் குரலின் ஒரே வீடு. அதனால்தான் சேகரிப்பவரின் பித்து ஊருக்கும் உதவுகிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் காக்கிறது. கௌஹர் ஜானின் வாழ்க்கையை எழுதிய விக்ரம் சம்பத், பழைய பதிவுகளை இணையத்தில் கேட்க வைக்கும் ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். ஆஸ்திரேலியரான மைக்கேல் கின்னியர், இந்தியாவின் முதல் பதிவுகளைப் பட்டியலிட்டுப் புத்தகமே போட்டார்.

விஞ்ஞானமும் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், ஊசியே படாமல், பள்ளத்தைப் படமெடுத்துக் கணினியால் ஒலியாக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். 1860-ல் பாரிஸில் எதுவார் லியோன் ஸ்காட், புகை படிந்த தாளில் ஒலியின் கோட்டை மட்டும் வரைந்து வைத்திருந்தார். அதைத் திருப்பிக் கேட்க அவருக்கே வழியில்லை. 2008-ல் அந்தத் தாள் பாடியது.

சட்டமும் ஓரளவு சாதகம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். 78 சுற்றுத் தட்டுகளில் பெரும்பகுதி அதைத் தாண்டிவிட்டது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையைத் தனியே பார்க்க வேண்டும். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ நூறு வயதைக் கடந்த பொருட்களில் கண் வைக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர் அதை மறக்கக் கூடாது.

---
■ முதல் பெட்டி வாங்குகிறவருக்கு

● போர்ட்டபிளில் ஆரம்பியுங்கள். ஓடுகிறதா, ஒரு பக்கம் முழுக்கப் பாடுகிறதா என்று கடையிலேயே நின்று கேளுங்கள்.

● ஊசியில் கஞ்சத்தனம் வேண்டாம். தட்டில் கலந்த கல்தூள் ஊசி முனையைத் தேய்க்கும். தேய்ந்த முனை அடுத்த தட்டில் உளியாகும்.

● எல்.பி. தட்டை இதில் போடாதீர்கள். சவுண்ட் பாக்ஸின் கனம் நூறு கிராமைத் தாண்டும். ஒரே தடவையில் எல்.பி. பாழ்.

● தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள். நிமிர்த்தி வையுங்கள்.

● சுத்தம் செய்ய லேசான சோப்புத் தண்ணீர் போதும். லேபிள் நனையக் கூடாது.
---

பாட்டில் கணக்கு

மாலை நாலரை. பரணிலிருந்து ஒரு காலி போர்ட்டபிள் பெட்டியை இறக்கினார் பெரியவர். மோட்டார் இல்லாமல் ஆறு வருஷமாகக் கிடந்ததாம். கழுவிய மோட்டாரை அதில் இறக்கி மூன்று திருகு போட்டார். நான்காவது துளை சேரவில்லை. ஒர்க்‌ஷாப் பழக்கத்தில் ஓர் அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்ததும் சேர்ந்தது.

“உங்க மோட்டாரு, என் பெட்டி. நீங்களே எடுத்துட்டுப் போங்க. புனல் மட்டும் இங்க இருக்கட்டும்.”

“அது எதுக்கு ஐயா?”

“வீட்டுக்காரி ரொம்ப நாளா ரோஜாச் செடிக்கு ஒரு தொட்டி கேக்குறா.”

ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்து வைத்தார். சாவி கொடுத்தார். டப்பாவிலிருந்து புது ஊசி ஒன்று. ஊசி இறங்கியதும் முதலில் மழை பெய்வது போல ஒரு சரசரப்பு. பிறகு நாகஸ்வரம். தகரக் கூரை அதிர்ந்தது. சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. பெரியவரின் மனைவி வாசற்படியில் வந்து சாய்ந்துகொண்டார். மூன்று நிமிடம் யாரும் பேசவில்லை. பேசுவதற்கு இடமும் இல்லை.

முடிந்ததும் ஊசியைத் தூக்கி, திருகைத் தளர்த்தி, அதை உள்ளங்கையில் வாங்கினார். முனை மொண்ணையாகியிருந்தது.

“பேரப் பசங்க கால்ல குத்திடப்போகுதுன்னுதான் தம்பி முதல்ல இந்தப் பாட்டில்ல போட ஆரம்பிச்சேன். அப்புறம் பார்த்தா, நான் உக்காந்து முழுசாக் கேட்ட பாட்டு இவ்வளவுன்னு கணக்கு தானா ஏறிட்டு இருக்கு.”

ஊசியை என் கையில் கொடுத்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார். போட்டேன். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

“இது உங்க கணக்கு” என்றார்.